சிபாரிசு இல்லாதவர்களின் விலாசம்

புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். தில்லியில் யாரிடமாவது இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி: "எந்தக் காலேஜ்?" அகமதாபாத் என்.ஐ.டி., மும்பை ஜே.ஜே., பரோடா என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மலரும். நான் பி.காம். என்பேன். பேச்சு உடனே யமுனைக்கு அக்கரையில் வீட்டு வாடகை எப்படி என்பதற்குப் போய்விடும்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஓவியம், இசை, சினிமா, எழுத்து போன்ற தொழில்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் கிடையாது. இன்னாரின் மாணவர், இன்னாரின் தம்பி, இன்ன ஊர்க்காரர் என்ற அடையாளத்தில்தான் வேலை கைமாறுகிறது. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவைச் சுற்றி ஒரு சீடர் கூட்டமே இருந்தது. அவர்கள் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடு முழுக்கக் காலண்டர்களாகத் தொங்கின. போபாலில் 1982இல் பாரத் பவன் திறந்தபோது அதன் ஓவியக் கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜே. சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழர். அவருடைய குழுவினர்தான் ஜங்கட் சிங் ஷ்யாம் என்ற கோண்டு இளைஞரைக் கிராமத்திலிருந்து போபாலுக்கு அழைத்து வந்தார்கள். ஜங்கட் தன் சொந்தக்காரர்களை அழைத்து வந்து தொழில் பழக்கினார். அவர்களில் ஒருவரான பஜ்ஜு ஷ்யாம் 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். சென்னைக்குத் தெற்கே 1966இல் சோழமண்டலம் உருவானபோதும் கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஆசிரியர் இருந்தார், அவரிடம் படித்த மாணவர்கள் இருந்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில் அவர்கள் நிலம் வாங்கினார்கள்.

ஒரு பெரியவர், ஒரு கூடம், அங்கே வந்து உட்காரும் பத்துப் பேர். பழைய ஏற்பாடு இதுதான். நல்ல ஏற்பாடுதான், உள்ளே இருப்பவர்களுக்கு. குருவும் இல்லை, கல்லூரியும் இல்லை, தொழிலில் ஒரு சித்தப்பாவும் இல்லை என்பவர்கள் எங்கே போய் உட்காருவது?

2003இல் நான் யாஹூவில் இருந்த ஒரு குழுவில் சேர்ந்தேன். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுபவர்கள், அட்டை வடிவமைப்பவர்கள் என்று எண்பது பேருக்குமேல் இருந்தார்கள். குவாஹாத்தி, புனே, கொல்கத்தா, கொச்சி, பெங்களூர் என்று ஊருக்கு நாலைந்து பேர். ஒருவர் எழுதும் இ-மெயில் எல்லோருக்கும் போகும், பதிலும் அப்படியே. கரோல் பாக்கில் ஒரு சைபர் கஃபேயில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துப் படிப்பேன். பெரும்பாலும் சாதாரண விஷயங்கள். மழைக்காலத்தில் வாட்டர்கலர் பேப்பர் பூசணம் பிடிக்காமல் எப்படி வைப்பது, எந்த ஸ்கேனரில் மஞ்சள் நிறம் செத்துப் போகாமல் வரும், கூரியரில் ஒரிஜினல் படத்தை அனுப்பலாமா கூடாதா, இப்படி.

ஒருநாள் புனேயிலிருந்து ஒரு பெண்மணி தன் கட்டணத்தை எழுதிவிட்டார். இருபத்துநாலு பக்கப் புத்தகம், முழுக்க வண்ணம், 18,000 ரூபாய், பாதி முன்பணம், இரண்டு தடவைக்குமேல் திருத்தம் என்றால் தனிக் காசு. அதே அளவு வேலைக்கு எனக்கு அப்போது கிடைத்துக்கொண்டிருந்தது 7,000. குழுவில் இரண்டு நாள் யாரும் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் நாள் ஒவ்வொருவராகத் தங்கள் தொகையைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். பதிப்பகத்தில் சம்பளப் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். "மற்றவர்கள் எல்லாம் இவ்வளவுதான் வாங்குகிறார்கள்" என்பார் ஆசிரியர். அந்த மற்றவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. தனித்தனி அறையில் உட்கார்ந்து தனித்தனியாக வரைகிறவர்கள் ஒருவரையொருவர் போட்டியாளர்களாகவே நினைத்துக்கொண்டிருப்பது யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த வேலைக்கு நான் 14,000 கேட்டேன். ஆசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சரி என்றார். மற்றவர்களை அவருக்கு மட்டுமல்ல, இப்போது எனக்கும் தெரியும்.

முகம் பார்க்காத இந்த அறிமுகங்களை ஏளனமாகப் பேசுபவர்கள் உண்டு. ஆனால் வேலை தேடித் தருவது நெருங்கிய நண்பர்கள் அல்ல என்பதை அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973லேயே எழுதியிருக்கிறார். பாஸ்டனுக்கு அருகில், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்ற ஊழியர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், மிக அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதிய செய்தி வருவது பாதி தெரிந்த ஆளிடமிருந்து. தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே, யாரென்றே தெரியாதவர் சொன்ன தகவலில் என் வயிறு நிறைந்தது.

இதே சமயத்தில் என் தொழிலுக்குப் பக்கத்துத் தொழிலில் இன்னும் பெரிய காரியம் ஒன்று நடந்தது. மும்பையில் 1990 முதல் ஃபிலிம்ஸ் டிவிஷன் நடத்திவந்த ஆவணப்பட விழாவின் 2004ஆம் ஆண்டு விதிகள் வெளிவந்தன. இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்சார் சான்றிதழ் கட்டாயம், வெளிநாட்டுப் படங்களுக்கு வேண்டாம் என்றது விதி. ஆவணப்படக்காரர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள். பலருக்கு ஒருவரையொருவர் பெயரளவில்தான் தெரியும். இ-மெயில் வழியாகவே அவர்கள் ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். விதி வாபஸ் ஆனது. ஆனால் தேர்வில் பல படங்கள் கழித்துக்கட்டப்பட்டன, குஜராத் கலவரம் பற்றிய ராகேஷ் சர்மாவின் 'ஃபைனல் சொல்யூஷன்' உள்பட. உடனே அதே நாட்களில், அதே மும்பையில் 'விகல்ப்' என்ற பெயரில் மாற்று விழா நடத்தி நிராகரிக்கப்பட்ட படங்களைத் திரையிட்டார்கள். விழா முடிந்த பிறகும் அந்தத் தொடர்பு கலையவில்லை. யார் ஊரில் திரையிட இடம் இருக்கிறது, யாரிடம் நல்ல ஒலிப்பதிவாளர் இருக்கிறார் என்று தொழில் பேசும் இடமாக அது நீடித்தது.

எனக்கு அந்த அளவு வீரம் தேவைப்படவில்லை. ஆனால் 2008இல் ஒரு சோதனை வந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு தில்லிப் பதிப்பகம் ஒன்றுக்கு நான் வரைந்து கொடுத்த படங்கள் வேறு மொழிப் பதிப்பு ஒன்றிலும் ஒரு மேஜைக் காலண்டரிலும் வந்திருந்தன. பணமும் இல்லை, பெயரும் இல்லை. என் மனைவி, "கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடுமே" என்றாள். அவள் பயம் நியாயமானது. அப்போது எங்கள் வருமானத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

குழுவில் எழுதினேன். கொல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவர், நாங்கள் எல்லோரும் அவரை தாதா என்றுதான் அழைப்போம், முதலில் கேட்டது: "கடிதம் ஏதாவது இருக்கிறதா?" இருந்தது. 2002இல் டைப் அடித்த நாலு வரி. ஓவியர் தன் உரிமையைப் பதிப்பகத்துக்கு அளிக்கிறார் என்று எழுதியிருந்தது. எத்தனை வருடத்துக்கு என்று இல்லை. எந்தெந்த நாட்டுக்கு என்றும் இல்லை.

தாதாவின் பதில் நீளமாக வந்தது. சாரத்தைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். 1957ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தரும் கடிதத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 வருடம்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அப்படியானால் என் படங்களின் மீது பதிப்பகத்துக்கு இருந்த உரிமை 2007லேயே முடிந்துவிட்டது. அந்தக் கடிதம் மட்டும் இல்லாமல் இருந்தால் கதை வேறு. காசு கொடுத்து வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று வாதாட 17வது பிரிவு இடம் கொடுக்கிறது. "அவர்களுக்குச் சாதகமாக அவர்களே எழுதிய கடிதம் உன்னைக் காப்பாற்றுகிறது" என்று எழுதியிருந்தார் தாதா. 57வது பிரிவு இன்னொன்று சொல்கிறது. உரிமையை விற்ற பிறகும் இதைச் செய்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கலைஞனை விட்டுப் போகாது. இந்தப் பிரிவை வைத்துத்தான் சிற்பி அமர்நாத் சேகல், விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தன் சுவர்ச்சிற்பத்துக்காக மத்திய அரசோடு வழக்காடினார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

வக்கீல் நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை. பிரிவு எண்களோடு ஒரு பக்கக் கடிதம் போனது, அவ்வளவுதான். ஆறு வாரத்தில் ஒரு செக் வந்தது, கேட்டதில் முக்கால் பங்கு. அடுத்த அச்சில் பெயரும் வந்தது. அதன் பிறகு அந்தப் பதிப்பகம் என்னைக் கூப்பிடவே இல்லை. என் மனைவி பயந்தது நடந்தது. ஆனால் அந்த மாதமே குழுவில் இருந்த இரண்டு பேர் தங்களால் முடிக்க முடியாத வேலைகளை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதில் ஒருவரை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

இதைக் கேட்டுவிட்டுக் குழு என்பது கற்பக விருட்சம் என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கே நடந்த கசப்பும் சொல்லப்பட வேண்டும். 2013வாக்கில் ஒரு பெரிய பாடப்புத்தக வேலை வந்தது. நாலு பேர் விலை சொல்லியிருந்தோம். சிறு நகரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் நாங்கள் சொன்னதில் பாதிக்கு அதை எடுத்துக்கொண்டாள். குழுவில் ஒரே கூச்சல். தொழிலைக் கெடுக்கிறாள் என்றார்கள். அவள் எழுதிய பதில் மூன்று வரி. உங்கள் விலை மாநகர விலை, எனக்கு இதுதான் முதல் வேலை, என் வீட்டில் அப்பா ஒன்றரை வருடமாகப் படுக்கையில். அதற்குப் பிறகு அவள் குழுவில் எழுதவே இல்லை.

எனக்கு இன்றும் இதற்கு முழுப் பதில் இல்லை. குறைந்தபட்ச விலை என்று ஒன்றைக் காக்காவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தை வகுத்தவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள். கதவு இல்லை என்று சொல்லிக்கொண்ட இடத்திலும் ஒரு வாசற்படி இருந்தது. மொழியும் அப்படித்தான். குழுவில் எல்லாம் ஆங்கிலம். எண்பது பேரில் எழுதியவர்கள் பதினைந்து பேர். மற்றவர்கள் படித்தார்கள். மதுபனியில் வரைகிறவரோ சிவகாசியில் வரைகிறவரோ அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரிக்காரர்கள் நம்மை ஒதுக்குகிறார்கள் என்று வருத்தப்பட்ட நாங்கள், இங்கிலீஷ் தெரியாதவர்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம், ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசாமலே.

யாஹூ அந்தக் குழுக்களின் பழைய பதிவுகளை 2019 இறுதியில் அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15இல் முழுவதுமாக மூடிவிட்டது. முன்பு ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் போனது போலத்தான். பதினேழு வருடக் கடிதங்கள். தாதா 2016இல் காலமாகிவிட்டார். அவர் எழுதிய பதில்களை எங்களில் இரண்டு பேர் அச்செடுத்து வைத்திருந்தோம். அது மட்டும் மிச்சம். வாடகை வீட்டில் மரம் நட்டவனின் நிலைதான். சோழமண்டலத்துக்காரர்கள் நிலம் வாங்கினார்கள் என்பதன் அர்த்தம் அப்போது விளங்கியது.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப். வேகம் அதிகம், நினைவு குறைவு. காலையில் கேட்ட கேள்வி மாலையில் பொங்கல் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. ஆனாலும் உயிர் இருக்கிறது. எங்களில் முப்பது பேர் ஒரு சிறிய குழுவாக இருக்கிறோம். தில்லி உலகப் புத்தகக் கண்காட்சி 2013 முதல் வருடா வருடம் நடப்பது எங்களுக்கு வசதி. பிரகதி மைதானில் ஒரு சனிக்கிழமை கூடி, ஒருவர் வேலையை இன்னொருவர் புரட்டிப் பார்த்து, பூரி சாப்பிட்டுக் கலைகிறோம். வருடத்தில் அந்த ஒரு நாள் மீதி 364 நாள் இ-மெயிலுக்கும் மெசேஜுக்கும் அர்த்தம் கொடுக்கிறது.

இருபது வருடத்துக்குமேல் இதில் இருந்ததில் சில விஷயங்கள் தெளிவாகியிருக்கின்றன. சேர்ந்த அன்றே விசிட்டிங் கார்டு நீட்டுபவருக்கு யாரும் வேலை தருவதில்லை. பிறர் கேள்விக்கு நாலு முறை பதில் சொன்னவருக்குத்தான் ஐந்தாவது முறை வேலை வருகிறது. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பதற்குப் பதில் வராது. "முப்பத்திரண்டு பக்கம், இரண்டு வண்ணம், நாற்பது நாள், என்ன கேட்கலாம்?" என்றால் வரும். யார் பணம் தருவதில்லை என்பதைக் குழுவில் எழுதாதீர்கள், போனில் கேளுங்கள். எழுதினால் அவதூறு வழக்கு வரும், போனில் உண்மை வரும். பாக்கி வசூலுக்கு இப்போது ஒரு கருவியும் உண்டு. உத்யம் பதிவு செய்துகொண்ட சிறு தொழில்காரருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் வருடச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. ஓவியரும் பதிவு செய்யலாம். எங்கள் குழுவில் பாதிப்பேர் செய்திருக்கிறார்கள்.

2022 முதல் புதிய கவலை வந்திருக்கிறது. நாலு வார்த்தை டைப் அடித்தால் கம்ப்யூட்டரே படம் போடுகிறது. அட்டைப்பட வேலை குறைந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் குறைந்திருக்கிறது. இதற்குக் குழுவிடம் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் போன மாதம் ஒரு பதிப்பகம் அனுப்பிய ஒப்பந்தத்தில், படங்களை இயந்திரத்துக்குப் பயிற்சி தரப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற வரி பதினோராம் பக்கத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தது கொச்சியில் இருக்கும் ஒரு பெண். ஒரே நாளில் ஆறு பேர் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. தனியாக இருந்திருந்தால் பதினோராம் பக்கம் வரை யார் படித்திருப்பார்கள்?

இந்த வருடம் நாங்கள் ஒரு முடிவு செய்திருக்கிறோம். தாதாவின் பதில்களை முதலில் இந்தியிலும் தமிழிலும் வங்காளத்திலும் எழுதி அச்சடிக்கப் போகிறோம். தமிழ் என் பொறுப்பு. நாற்பது பக்கம், விலை இல்லை. முதல் பிரதியை யாருக்கு அனுப்புவது என்பதில் விவாதமே எழவில்லை. 2013இல் பாதி விலைக்கு வேலை எடுத்த அந்தப் பெண்ணின் விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.